காத்து அளக்கிறவரோட அக்கா

நம்பினா நம்புங்க, நம்பாட்டி விடுங்க. இதைச் சொல்றதால எனக்கு அஞ்சு பைசா லாபம் கிடையாது. பேய்க் கதைன்னதும் நடுராத்திரி, நாய் ஊளை, தானா திறக்கிற கதவுன்னு எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பீங்க. அதெல்லாம் இதுல இல்லை. இது நடந்தது பட்டப்பகல்ல. வியாழக்கிழமை, காலை 11 மணி 40 நிமிஷம். நடந்தது என் வீட்டுக்காரருக்கு. அந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது, சொன்னா முழியே காட்டிக் கொடுத்துடும். பதினெட்டு வருஷமா கூடக் குப்பை கொட்டறேன், எனக்குத் தெரியாதா?

அவருக்கு வேலை காத்தை அளக்கறது. சிரிக்காதீங்க. பொண்ணு பார்க்க வந்தப்போ எங்க வீட்டுலயும் இப்படித்தான் சிரிச்சாங்க. காத்தை எதுல அளப்பீங்க மாப்பிள்ளை, படியிலயா லிட்டர்லயான்னு எங்க சித்தப்பா கேட்டாரு. இவரு அதுக்கும் பொறுமையா உட்கார்ந்து பதில் சொன்னாரு, பாவம்.

விஷயம் இதுதான். இந்தப் பெரிய நகரத்தோட ஓரத்துல தொழிற்பேட்டை. சுத்திலும் வீடுங்க. அதுல நாலஞ்சு மொட்டை மாடியில இவங்க ஆபீஸ் மிஷின் இருக்கு. ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புப் பெட்டி, மேல கூரை மாதிரி மூடி. உள்ளே ஒரு வெள்ளைப் பேப்பரை வச்சு ஓட விட்டா, எட்டு மணி நேரம் ‘ங்ங்ங்’னு காத்தை உறிஞ்சும். வெள்ளையாப் போன பேப்பர் சாம்பலாவோ கறுப்பாவோ வெளியே வரும். வைக்கறதுக்கு முன்னாடி ஒரு எடை, எடுத்ததும் ஒரு எடை. நடுவுல ஏறின எடைதான் அந்தத் தெரு ஜனங்க மூக்குல போன தூசு. மிஷின் இதுவரைக்கும் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு காட்ட அதுலயே ஒரு மீட்டர் உண்டு. திங்களும் வியாழனும் காலை ஆறு மணிக்கு ஒரு பேப்பர், மதியம் ரெண்டு மணிக்கு ஒரு பேப்பர், ராத்திரி பத்துக்கு ஒண்ணு. நடுவுல மத்த மாடிங்களுக்கும் போய்ட்டு வருவாரு.

அதுல ஒரு மாடி அவரோட கூடப்பிறந்த அக்கா வீட்டு மாடி. எனக்கு அண்ணி. மரம் மறைக்காத மாடி வேணும், கரண்ட் வேணும், வீட்டுக்காரங்க சம்மதிக்கணும். நாலு வீட்டுல கேட்டு, சத்தம் தாங்காதுன்னு எல்லாரும் கையை விரிச்சுட்டாங்க. அண்ணி மட்டும்தான் வைடா தம்பின்னாங்க. அண்ணிக்கு ஆஸ்துமா. வீட்டுக்காரர் எப்பவோ போய்ச் சேர்ந்துட்டாரு, ஒரே மகள் கல்யாணமாகி வெளியூர்ல. தனியா உட்கார்ந்து துணி தைச்சுக்கிட்டு இருந்தாங்க. அந்தத் தெரு காத்து என்ன லட்சணம்னு இவரை விட யாருக்குத் தெரியும்? வீட்டை மாத்துக்கா, எங்ககூட வந்துடுன்னு வாராவாரம் கெஞ்சுவாரு. அண்ணி அசையமாட்டாங்க. ஒரு நாள் என்கிட்ட மட்டும் சொன்னாங்க, ‘இந்த மிஷின் என் மாடியில இருக்கறதாலதான் அவன் வாரத்துக்கு ரெண்டு நாள் வர்றான். உன் வீட்டுக்கு நான் வந்துட்டா, அவன் என்னைப் பார்க்கவா வருவான், சாப்பிடத்தான் வருவான்.’ எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு.

நாலு வருஷம் அந்த மிஷினுக்குக் கீழேயே இருந்து அண்ணிக்கு அதோட சத்தம் அத்துப்படி. பேப்பர்ல தூசு அடைச்சா சத்தம் இறுகும். உடனே போன். தம்பி, உன் மிஷின் முக்குது, வந்து பாரு. இவரும், ரெண்டு மணிக்கு வர்றேன்க்கா, அடைச்சா அடைச்சுட்டுப் போகுதும்பாரு. வாரத்துல ஒரு தடவையாவது இந்தக் கூத்து நடக்கும்.

அந்த வியாழக்கிழமையும் போன் வந்துச்சு. இவரு அப்போ இன்னொரு மிஷின் இருக்கற தீயணைப்பு நிலையத்து மாடியில இருந்தாரு. கையில புகையில இருக்கற வாயுவைப் பிடிக்கற கண்ணாடிக் குழாய், அதுல மருந்துத் தண்ணி, கீழே வச்சா கொட்டிடும். 11:31க்கு ஒரு தடவை அடிச்சுச்சு. அக்கான்னு பேரைப் பார்த்தாரு. பேப்பர் அடைச்சிருக்கும், எப்படியும் ரெண்டு மணிக்குப் போறோமேன்னு விட்டுட்டாரு. 11:36க்கு மறுபடி. 11:40க்கு மறுபடி. மூணாவது தடவை எரிச்சலாகி சத்தத்தை அணைச்சுப் பாக்கெட்டுல போட்டுட்டாரு.

சரியா ரெண்டு மணிக்கு அக்கா வீடு. வெளிப்பக்கப் படி வழியா நேரா மாடிக்குத்தான் போனாரு. மிஷின் நல்லாவே ஓடிக்கிட்டு இருந்துச்சு. நிறுத்தி, பேப்பரை எடுத்து மடிச்சு உறையில போட்டாரு. சீட்டுல ‘ஓடிய நேரம்: 8.00’னு எழுதினாரு. மீட்டரைப் பார்க்கலை. ஆறுல இருந்து ரெண்டு எட்டுதானே, இதுல என்ன பார்க்கறதுங்கற பழக்கம். அந்த வேலை செய்யற எல்லாரும் பண்றதுதான். அப்புறம்தான் தண்ணி குடிக்கக் கீழே இறங்கினாரு.

அண்ணி தையல் மிஷின் பக்கத்து நாற்காலியில உட்கார்ந்தபடியே இருந்தாங்க. உடம்பு சில்லுனு ஆகியிருந்துச்சு. மடியில ஆஸ்துமா மருந்தை ஆவியா இழுக்கற நெபுலைசரோட மாஸ்க். கிண்ணத்துல மருந்து ஊத்தினது ஊத்தினபடி, ஒரு சொட்டுக் குறையலை. பன்னிரண்டரைக்குள்ள உயிர் போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. தீயணைப்பு நிலையத்துல இருந்து அக்கா வீடு இருபத்தஞ்சு நிமிஷம். கணக்கு நீங்களே போட்டுக்கங்க. இவரு அதைத்தான் போட்டுக்கிட்டே இருந்தாரு.

அதுக்கப்புறம் அந்த மனுஷன் மனுஷனா இல்லை. சோத்துல கையை வச்சுக்கிட்டு அப்படியே இருப்பாரு. படுத்தா எழுந்து உட்கார்ந்துப்பாரு. ஒரே கேள்விதான், என்னைப் போட்டு அரிச்சு எடுத்துட்டாரு. ‘அவ எதுக்குடி கூப்பிட்டா? மிஷினுக்கா, உசுருக்கா? கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துட்டு, இவன் எடுக்கவே மாட்டான்னு நினைச்சுக்கிட்டே போயிருப்பாளா?’ மிஷினுக்குத்தான் இருக்கும்ங்கன்னு சொல்வேன். சொல்லும்போதே எனக்கு வாய் கூசும்.

பதினஞ்சு நாள் லீவுக்கு அப்புறம் மறுபடி அதே மாடி. ஆபீஸ்ல வேற ஆளைப் போடறேன்னாங்க. இவரு ஒத்துக்கலை. வீடு பூட்டிக் கிடந்துச்சு, சாவி இவருகிட்ட. அண்ணியோட பழைய பட்டன் போனை மகள் எங்ககிட்டயே கொடுத்துட்டா. நீங்களே வச்சுக்கங்க மாமா, எனக்கு அதைப் பார்க்கத் தெம்பு இல்லைன்னா. சிம்மைக் கழட்டி நம்பரையும் ரத்து பண்ணியாச்சு. போன் எங்க பீரோவுல, துணிக்கு அடியில. ஏழு மாசம் நாங்க அதைத் தொடவே இல்லை.

இனிமே நான் சொல்றதெல்லாம் அந்த ஏழு மாசத்துக்கு அப்புறம் நடந்தது. அவரு சொன்னது சொன்னபடி.

முதல் வியாழன். தீயணைப்பு நிலையத்து மாடி. வெயில் நல்லா அடிக்குது. கீழே வண்டி கழுவற சத்தம். போன் அடிச்சுச்சு. எடுத்துப் பார்த்தாரு.

‘அக்கா’ன்னு பேர்.

அந்தப் பேரை அவரு இன்னும் அழிக்கலை. கை அப்படியே நின்னுடுச்சு. நாலு தடவை அடிச்சு நின்னுச்சு. நேரம் பார்த்தாரு. 11:31. திருப்பிக் கூப்பிட்டாரு. அந்த எண் உபயோகத்தில் இல்லைன்னு பதிவு பண்ணின குரல். வந்த அழைப்புப் பட்டியலைத் திறந்தாரு. அதுல அப்படி ஒரு அழைப்பே இல்லை. தூக்கம் கெட்டதால கண்ணு பொய் சொல்லுதுன்னு தன்னைத்தானே தேத்திக்கிட்டாரு.

மதியம் அக்கா வீட்டு மாடி. அந்தப் பக்கம் எப்பவும் தார் காய்ச்சற வாடையும் ரப்பர் கருகற வாடையும்தான். மிஷின் மூடியைத் தூக்கினாரு. குப்புனு யூகலிப்டஸ் தைல வாசனை. அண்ணி நெஞ்சுல தடவிக்கறது. ஒரு மூச்சுக்குத்தான் அந்த வாசனை, அப்புறம் இல்லை. இதை அன்னைக்கு என்கிட்டச் சொல்லலை.

ரெண்டாவது வியாழன். போன் அடிச்சுச்சு. 11:36. அக்கான்னு பேர். இந்தத் தடவை எடுக்கணும்னு பட்டனை அழுத்தப் போனாரு. அவசரத்துல போன் கை நழுவித் தரையில விழுந்துச்சு. எடுக்கறதுக்குள்ள நின்னு போச்சு. பட்டியல்ல மறுபடி ஒண்ணுமே இல்லை.

அன்னைக்கு மதியம் மாடியில மிஷின் பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். இவரு பேப்பர் மாத்தறப்போ அண்ணி உட்கார்ந்து ஊர்க்கதை பேசற ஸ்டூல். அது பூட்டின வீட்டுக்குள்ள இருக்க வேண்டியது. காலை ஆறு மணிக்கு அது அங்க இல்லை. சாவியைத் தடவிப் பார்த்தாரு. பாக்கெட்டுலதான் இருந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி என்கிட்டச் சொன்னாரு. நான் நல்லாத் திட்டிட்டேன். டாக்டர்கிட்டப் போவோம், தூக்க மாத்திரை கேட்போம்னேன். அவரு காதுலயே வாங்கலை. ‘11:31, 11:36... அடுத்த வாரம் எத்தனை மணிக்குன்னு உனக்கே தெரியுமில்ல’ன்னாரு.

மூணாவது வியாழன்.

11:20க்கே எல்லாக் குழாயையும் பெட்டியில வச்சுப் பூட்டிட்டாரு. கைப்பிடிச் சுவர் நிழல்ல உட்கார்ந்தாரு. போனைக் கையில வச்சுக்கிட்டாரு.

11:31. ஒண்ணுமில்லை.

11:36. ஒண்ணுமில்லை.

கீழே யாரோ விசில் அடிச்சாங்க. அதுவும் நின்னுச்சு.

11:39...

11:40.

போன் அடிச்சுச்சு.

முதல் மணியிலயே எடுத்துட்டாரு. காதுல வச்சாரு.

அந்தப் பக்கம் அமைதி.

அதுதான் முதல்ல அவருக்குத் தப்பாப் பட்டுச்சு. நாலு வருஷமா அக்கா எப்பக் கூப்பிட்டாலும் பின்னாடி அந்த மிஷின் சத்தம் இருக்கும். இப்போ அது இல்லை. சுத்தமா இல்லை...

அப்புறம் மூச்சு. விசில் மாதிரி இழுக்கற மூச்சு.

“தம்பி...”

“அக்கா.”

“கரண்ட் போயிடுச்சுப்பா... உன் மிஷின் நின்னுடுச்சு... பேப்பர் வீணாப் போயிடுமே...”

இவருக்கு உள்ளுக்குள்ள எல்லாம் உடைஞ்சுடுச்சு. கரண்ட் இல்லைன்னா நெபுலைசரும் ஓடாது.

“அக்கா, உனக்கு மூச்சு எப்படி இருக்கு? சொல்லு.”

“கொஞ்சம்... இழுக்குது. மருந்து ஊத்தி வச்சிருக்கேன். கரண்ட் வந்தா... போட்டுக்குவேன்.”

“நான் வர்றேன்க்கா. இதோ கிளம்பிட்டேன்.”

“வர்றியா?”

“வர்றேன். நீ ஒண்ணும் பண்ணாதே. எழுந்திருக்காதே. நான் வந்து பார்த்துக்கறேன்.”

ஒரு மூச்சை இழுத்து விட்டாங்க.

“சரிப்பா... வண்டியை மெதுவா ஓட்டிக்கிட்டு வா.”

வச்சுட்டாங்க.

இவரு படியில எப்படி இறங்கினாரு, வண்டியை எப்படி எடுத்தாரு, ஒண்ணும் ஞாபகம் இல்லையாம். செத்துப்போய் ஏழு மாசம் ஆன அக்காவைக் காப்பாத்தப் போறோம்ங்கறதுகூட உறைக்கலையாம். ரெண்டு சிக்னல்ல நிக்காமப் போயிருக்காரு. 12:02க்கு அக்கா வீடு. பூட்டைத் திறந்து உள்ளே ஓடினாரு.

நாற்காலி காலி. தையல் மிஷின் மேல ஏழு மாசத் தூசு. அதுல ஒரு விரல் தடம்கூட இல்லை.

மாடியில மிஷின் ‘ங்ங்ங்’னு ஓடிக்கிட்டு இருந்துச்சு.

எதிர் வீட்டு டிரைவர் வாசல்ல கார் துடைச்சுக்கிட்டு நின்னாரு. கரண்ட் போச்சான்னு இவரு கேட்டாரு. காலையில இருந்து போகவே இல்லையேன்னாரு அவரு. இவரு அந்த வாசப்படியிலயே உட்கார்ந்து சின்னப் புள்ளை மாதிரி அழுதாராம். டிரைவர்தான் தண்ணி கொடுத்து, எனக்குப் போன் பண்ணி, வீட்டுல கொண்டுவந்து விட்டுட்டுப் போனாரு.

அவரு சொன்னதையெல்லாம் கேட்டுட்டு நான் முதல் வேலையா அவரு போனை வாங்கிப் பார்த்தேன். 11:40க்கு எந்த அழைப்பும் இல்லை. பாருங்க, உங்களுக்கே தெரியுதில்லன்னேன். அவரு போனைத் திருப்பி வாங்கிப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டாரு.

மறுநாள் ஆபீஸ்ல போய்ப் பழைய சீட்டுங்களைத் தேடி எடுத்தாரு. அண்ணி இறந்த அன்னைக்கு, காலையில மீட்டர் காட்டினதோட எட்டைக் கூட்டி, முடிஞ்சப்போ 9816.00ன்னு இவரே எழுதி வச்சிருக்காரு. அதுக்கப்புறம் பதினஞ்சு நாள் மிஷின் ஓடவே இல்லை. திரும்பப் போய் ஓட விட்டப்போ, மீட்டரைப் பார்த்து எழுதின ஆரம்ப நேரம் 9814.50. ஓடற மீட்டர் பின்னாடி போகுமா? ஒன்றரை மணி நேரம் குறையுது. அவரும் கவனிக்கலை, எடை போடறவங்களும் கவனிக்கலை. கரண்ட் ஆபீஸ்ல போய்க் கேட்டாரு. புகார்ப் புத்தகத்தைப் புரட்டிச் சொன்னாங்க. அந்தத் தேதியில, அந்தத் தெருவுல, 11:25ல இருந்து 12:55 வரைக்கும் கரண்ட் இல்லை.

அந்தப் பக்கம் கரண்ட் போறதும் வர்றதும் சகஜம், சாவு வீட்டுல யாரு அதைப் பேசுவா? எங்க யாருக்குமே அது தெரியாது. போன்ல அண்ணி சொல்லித்தான் இவருக்கே தெரியும்.

அப்பவும் நான் நம்பலை. நம்பப் பயமா இருந்துச்சுன்னு வச்சுக்கங்க. எங்கேயாவது காதுல விழுந்திருக்கும், மனசுல தங்கியிருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை அவரு குளிக்கப் போனப்போ பீரோவைத் திறந்து அண்ணி போனை எடுத்தேன். ஒண்ணுமில்லைன்னு அவருக்குக் காட்டிட்டா மனுஷன் தெளிஞ்சுடுவாருன்னுதான் எடுத்தேன். அந்தச் சார்ஜர் இப்போ எவன்கிட்ட இருக்கு? எங்களுக்கு மேல குடியிருக்கறவங்ககிட்ட வாங்கிச் சொருகினேன். பத்து நிமிஷத்துல உயிர் வந்துச்சு. சிம் இல்லைன்னு காட்டுச்சு. கூப்பிட்ட நம்பர் பட்டியலைத் திறந்து, கீழே இருந்து மேல படிச்சேன்.

அண்ணி இறந்த தேதி.

11:31. தம்பி. எடுக்கவில்லை.

11:36. தம்பி. எடுக்கவில்லை.

11:40. தம்பி...

பேசிய நேரம், ஒரு நிமிஷம் ஐம்பத்திரண்டு விநாடி.

போனை அப்படியே மேஜை மேல வச்சுட்டேன். குளிச்சுட்டு வந்தவரு என் முகத்தைப் பார்த்தாரு, போனைப் பார்த்தாரு. எடுத்துப் படிச்சாரு. மறுபடி படிச்சாரு.

“அப்போ நான் பேசினது அவளுக்குக் கேட்டிருக்கு”ன்னாரு. ஏழு மாசத்துல முதல் தடவையா அந்த முகத்துல ஒரு நிம்மதி. “நான் எடுக்கலைன்னு நினைச்சுக்கிட்டுப் போகலை அவ. வர்றேன்னு சொன்னேன். அவளுக்குக் கேட்டிருக்கு.”

நானும் ஆமாங்க, ஆமாங்கன்னு அழுதேன்.

அவரு இன்னும் அந்தப் பட்டியலையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. பட்டனை மேல அழுத்தினாரு. மறுபடி மேல அழுத்தினாரு. முகம் மெல்ல மாறுச்சு. கடைசியாக் கூப்பிட்டதுதான் அந்தப் பட்டியல்ல மேல நிக்கும். 11:40க்கு மேல ஒண்ணுமே இல்லை.

அதுக்கப்புறம் அண்ணி மகளைக் கூப்பிடலை. எதிர் வீட்டு டிரைவரைக் கூப்பிடலை. ஆம்புலன்ஸைக் கூப்பிடலை. நான் வர்றேன், நீ எழுந்திருக்காதேன்னு தம்பி சொல்லிட்டானே... அண்ணி எழுந்திருக்கவே இல்லை.